இரைப்பையைக் குறைத்தல் தகுமா?

பருத்த உடலைக் கண்டால் நகைப்பது நம்மவர்க்கு நெடுநாளைய வழக்கம். நாடகமாயினும் திரைப்படமாயினும் சிரிப்பூட்டுவதற்கென்று ஒரு பருத்த மனிதர் வந்தே தீருவார். ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுக் கணக்கை (2019–21) எடுத்துப் பார்ப்போர்க்கு அச்சிரிப்பு அடங்கிவிடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடையுடையோர். இந்தியா முழுமைக்கும் எடுத்தால் அக்கணக்கு முறையே 24, 23 அளவே. ஆண்கள் வரிசையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது எது தெரியுமா? எங்கள் அந்தமான் நிகோபார்த் தீவுகள்! நூற்றுக்கு ஏறத்தாழ 45. மார்தட்டிக்கொள்ள இயலாத முதலிடம்.

இப்பொருள் எங்கள் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி ஷாதிபூர். ‘ஷாதி’ என்றால் திருமணம்; பெயரளவிலேனும் மங்கலமான ஊர். பிழைப்பு நாடி இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கப்பலேறிய எங்கள் குடும்பம் அங்கேதான் வேரூன்றியது. என் அன்னைக்கு வயது 48. எடை 102 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர். நீரிழிவு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, இருவேளையும் இன்சுலின். போதாக்குறைக்கு முழங்கால் வலி, நெஞ்செரிச்சல், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல். சென்ற ஆண்டு மருத்துவர், “சென்னைக்குப் போய், எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சை பற்றி ஒரு நிபுணரைக் கலந்து வாருங்கள்” என்றார். அன்று முதல் வீட்டில் நாள்தோறும் பட்டிமன்றம். “வாயைக் கட்டினால் வயிறு தானே சுருங்கும், இதற்குக் கத்தி எதற்கு?” என்பது மாமாவின் கட்சி. “ஆண்டவன் கொடுத்த வயிற்றை அறுத்து எறிவதா?” என்பது ஊரிலிருந்து தொலைபேசியில் பெரியம்மாவின் கட்சி. அப்பா எக்கட்சியிலும் சேரவில்லை. “நீதானே உயிரியல் படிக்கிறாய்? தேடிப் படித்துவிட்டுச் சொல்” என்று என் தலையில் கட்டிவிட்டார். அவ்வாறு படித்தறிந்தவற்றையே நண்பர்கள் முன் வைக்கிறேன். உங்களுள் சிலர் வீட்டிலும் இப்பேச்சு எழுந்திருக்கலாம். இன்றேல் நாளை எழலாம்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதி, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியெண். பெல்ஜிய அறிஞர் கெத்லே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட கணக்கு இது. இன்றைய பெயரை 1972-இல் சூட்டியவர் அமெரிக்கரான ஆன்செல் கீஸ். என் அன்னைக்கு இக்கணக்கு ஏறத்தாழ 42.5 என வருகிறது. கணக்கு எளிது, ஆயினும் அது கொழுப்பையும் தசையையும் பிரித்தறியாது. 2004-இல் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த யட்கின் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் தங்கள் படத்தையே ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். இருவர்க்கும் குறியெண் 22.3. ஆனால் உடற்கொழுப்போ, ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! மெலிந்து தோன்றும் இந்திய உடலிலும் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. நீரிழிவு நம்மை முந்தி வந்து பற்றுவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவேதான் நமக்கு எல்லைக்கோடுகளைத் தாழ்த்தி வரைந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1991-இல் கூடிய வல்லுநர் குழு, குறியெண் 40-ஐ எட்டியோர்க்கும், 35-ஐ எட்டி உடன் நோயும் உடையோர்க்கும் இச்சிகிச்சை பொருந்தும் என்றது. 2022-இல் அமெரிக்கச் சங்கமும் அனைத்துலகச் சங்கமும் கூடி, 35-ஐ எட்டினாலே போதும் என்றும், ஆசியர்க்கு 27.5-ஐத் தாண்டினாலே இச்சிகிச்சையை அளிக்க முன்வரலாம் என்றும் திருத்தின. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அளிக்கலாம் என்பது வேறு, செய்தே ஆகவேண்டும் என்பது வேறு. விடுதி உணவில் 28-ஐ எட்டிவிட்ட நண்பர் எவரும் இக்கட்டுரையைக் கையிலேந்திக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. அறுவையாளர்களின் சங்கம் அறுவைக்குரிய எல்லையை விரிக்கும்போது, வாசிப்போர் சற்று நிதானமாக வாசிப்பது நன்று என்பது என் கருத்து.

இனி மாமாவின் கட்சிக்கு வருவோம். வாயைக் கட்டினால் போதாதா? சில கிலோ குறைக்கப் போதும். முப்பது கிலோ குறைத்து, குறைத்ததைக் காத்துக்கொள்வது மிகச் சிலர்க்கே கைகூடுகிறது. அது மனவுறுதியின்மை என்று நாம் எளிதில் தீர்ப்பளித்து விடுகிறோம். மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். பருத்த உடலினர் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். எடை குறைந்தது. உடனே பசியைத் தூண்டும் சுரப்புகள் இரத்தத்தில் ஏறின; நிறைவுணர்வைத் தரும் சுரப்புகள் இறங்கின. ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை! இழந்த எடையை மீட்பதற்கு உடல் ஓராண்டாகியும் போராடிக்கொண்டிருந்தது. உடல் தன் எடையைக் காக்கும் விதம், வீட்டுக்காரர் தம் வீட்டைக் காக்கும் விதத்தை ஒத்திருக்கிறது. உள்ளே புகுந்தவர் கள்வரா, வைத்தியரா என்று அது பார்ப்பதில்லை.

நிற்க. அறுவையின் வரலாறு சுவையானது. சிறிது அச்சமூட்டுவதும் ஆகும். 1950-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மேற்பகுதியையும் கடைப்பகுதியையும் இணைத்துப் பார்த்தார்கள். உண்டது உடலில் சேராமல் வெளியேறியது. எடை விரைந்து இறங்கியது. ஆனால் கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் விளைந்தது, சிலர் மாண்டனர். பிற்காலத்தில் அம்முறை கைவிடப்பட்டது. அயோவாப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு வழி கண்டார். குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்த அவர், 1966-இல் இரைப்பையின் மேற்புறத்தில் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைத்தார். இன்றைய மாற்றுவழி அறுவைக்கு அதுவே மூலம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த செசார் ரூ என்பார் முன்பே வகுத்திருந்த, ஆங்கில ‘ஒய்’ எழுத்தின் வடிவிலான இணைப்பு பின்னர் அதனோடு சேர்ந்தது. 1990-களில் வயிற்றைப் பெரிதாகக் கீறாமல் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை வந்தபின், இது உலகெங்கும் பரவியது.

இன்று பெரும்பாலும் நடப்பவை இரண்டு. ஒன்று, இரைப்பையில் நான்கில் மூன்று பங்கிற்குமேல் நீளவாக்கில் நறுக்கி எடுத்துவிட்டு, எஞ்சியதை ஒரு குழாய்போல் விடுதல். நறுக்கி எடுத்தது எடுத்ததுதான். மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை. குடலைத் தொடாததால் வேலை எளிது; ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளோர்க்கு அது மிகுதியாகக்கூடும். மற்றொன்று மேற்கூறிய மாற்றுவழி. இரைப்பை முழுவதும் உள்ளேயே இருக்கும். ஆயினும் உணவு செல்வது 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பைக்குள் மட்டுமே. அங்கிருந்து அது முன்குடலைத் தொடாமல் அடுத்த பகுதிக்குச் சென்றுவிடும். வேலை சிக்கலானது, நீரிழிவுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் நல்லது. பெரியம்மாவிடம் இதை விளக்கியபோது, “அப்படியானால் வயிற்றை எறிவதில்லையா?” என்று கேட்டு, பாதி எதிர்ப்பைக் கைவிட்டார்.

இரைப்பை சிறுத்தால் பசி ஏன் குறைய வேண்டும்? இடம் போதாமையால் என்றே முதலில் எண்ணினார்கள். ஆனால் வேறொரு விந்தை கண்ணிற் பட்டது. மாற்றுவழி அறுவை செய்துகொண்ட நீரிழிவு நோயாளர் பலர்க்கு, எடை குறையத் தொடங்குமுன்பே, சில நாளிலேயே, சர்க்கரை கட்டுக்குள் வந்தது. வால்ட்டர் போரிஸ் என்னும் அமெரிக்க அறுவையாளர் 1995-இல் இதை வெளியிட்டபோது, ‘யார்தான் எண்ணியிருப்பார்கள்?’ என்ற பொருள்படவே தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார். பின்னர் விளக்கம் துலங்கலாயிற்று. 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோர் இரைப்பையிலிருந்து கிரெலின் என்னும் பசிச் சுரப்பைக் கண்டறிந்தனர். அது மிகுதியாகச் சுரப்பது இரைப்பையின் மேல்முகட்டில். குழாய் முறையில் நறுக்கி எடுப்பதும் அம்முகட்டையே. மாற்றுவழி முறையிலோ, உணவு விரைந்து கீழ்க்குடலை அடைவதால் ஜி.எல்.பி.-1 முதலிய நிறைவுச் சுரப்புகள் பன்மடங்கு பெருகுகின்றன. அவை மூளைக்கு ‘போதும்’ என்கின்றன, கணையத்துக்கு ‘இன்சுலினை விடு’ என்கின்றன. ஆக, இது வெறும் தையற்காரர் வேலை அன்று. உடலின் செய்திப் போக்குவரத்தையே மாற்றியமைக்கும் வேலை.

பயன் எவ்வளவு? சுவீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வே இதில் நெடிது. அறுவை செய்துகொண்டோர் 2010 பேர். செய்துகொள்ளாத ஒத்த நிலையினர் 2037 பேர். சராசரியாகப் பதினோராண்டு தொடர்ந்து பார்த்ததில், முதற்கூட்டத்தில் 101 பேரும் இரண்டாம் கூட்டத்தில் 129 பேரும் இறந்திருந்தனர். சீட்டுக் குலுக்கிப் பிரித்த கூட்டங்கள் அல்லவாதலின் இதை முற்றிலும் ஏற்கத் தயங்குவோர் உண்டு. கிளீவ்லாந்தில் 150 நீரிழிவு நோயாளரைக் குலுக்கிப் பிரித்தே சோதித்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. சர்க்கரையை இலக்குக்குக் கொண்டுவந்தோர் ஓராண்டு முடிவில், மருந்து மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 12. மாற்றுவழி பெற்றோரில் 42. குழாய் முறை பெற்றோரில் 37.

ஆனால் சுவீடன் ஆய்வின் மற்றொரு பக்கத்தையும் புரட்ட வேண்டும். மாற்றுவழி செய்துகொண்டோர் முதல் ஈராண்டிற்குள் நூற்றுக்கு 32 பங்கு எடை இழந்தனர். பத்தாண்டு முடிவில் அது 25 பங்காகக் குறைந்தது. இதை என் அன்னையின் 102 கிலோவுக்குப் பொருத்திப் பார்த்தேன். முதலில் 70-க்கு அருகே. பத்தாண்டில் 76, 77. அப்போதும் அவர் அட்டவணைப்படி பருத்தவரே! விளம்பரத் தாளில் ‘முன், பின்’ என்று வரும் இரு படங்களை நம்பிப் போகிறவர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நலம். நீரிழிவும் அப்படியே. அறுவைக்குமுன் அந்நோய் இருந்தவர்களில் ஈராண்டு கழித்து நூற்றுக்கு 72 பேர் அதிலிருந்து விடுபட்டிருந்தனர். பதினைந்தாண்டு கழித்து 30 பேரே. நெடுநாள் நோயாளர்க்கும் இன்சுலின் போடுவோர்க்கும் அவ்வாய்ப்பு இன்னும் குறைவு. என் அன்னை இரண்டும் உடையவர். எனவே “சர்க்கரை ஓடிப்போகும்” என்று நான் அவரிடம் சொல்லவில்லை. மருந்து குறையலாம் என்றே சொன்னேன். மூச்சுத் தடையும் முழங்கால் வலியும் குறையும் என்பதை மட்டும் சற்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

ஆபத்து உண்டா? உண்டு. அமெரிக்காவில் 4776 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளிவந்த கணக்கின்படி, முப்பது நாளில் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர். சிறிய எண்தான், ஆனால் அம்மூவருள் ஒருவர் நம் வீட்டார் என்றால் அது சிறிய எண் அன்று. 2014-இல் நடுவண் நிதியமைச்சராயிருந்த அருண் ஜேட்லி நீரிழிவின் பொருட்டு இவ்வறுவை செய்துகொண்டபின், மீண்டும் எய்ம்ஸ் மருத்துவமனையில் சேர நேர்ந்ததைச் செய்தித்தாள் படித்தோர் அறிவர். 2011-இல் இதைச் செய்துகொண்ட நிதின் கட்கரி அதன்பின் நெடுங்காலம் அமைச்சராகச் சுற்றிச் சுழன்றதையும் அவர்கள் அறிவர். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் இச்சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி, அம்மருத்துவமனையின் பதிவை நிறுத்திவைத்தது. அவர் நம் வயதினர். அச்செய்தி வந்த வாரம் எங்கள் வீட்டில் இப்பேச்சு தொடங்கியிருக்கவில்லை. தொடங்கியபோதோ, மாமா முதலில் எடுத்துப் போட்டது அதைத்தான். அதற்கு நான் விடை சொல்ல முயலவில்லை. கேள்வியாக மாற்றிக் கொண்டேன். இவ்வறுவையை அந்த அறுவையாளர் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்? தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா? இரவில் நிலைமை மோசமானால் வருகிறவர் யார்? இம்மூன்றையும் கேட்கத் தயங்கக்கூடாது. முகம் சுளிக்கும் மருத்துவரானால், அச்சுளிப்பே ஒரு விடை.

அறுவைக்குப் பிந்திய வாழ்க்கையைப் பற்றித்தான் நம்மவர் குறைவாகப் பேசுகிறார்கள். முதலில் நீர் உணவு, பின் கூழ், பின்னரே திட உணவு. புரதத்தை முதலில் உண்ண வேண்டும். சோறு பிறகு, வயிற்றில் இடமிருந்தால். சோற்றோடு தண்ணீர் குடிக்கலாகாது. மாற்றுவழி பெற்றவர் இரண்டு இலட்டு உண்டால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றும். பி-12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ சேர வேண்டும். இடைவிடாத வாந்தி வந்தால் தயமின் குறைந்து மூளையே பாதிக்கப்படும். தீட்டிய அரிசியுண்டோர்க்கு முன்னாளில் பெரிபெரி நோயைத் தந்த அதே குறைதான். முழங்கால் வலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் புரூபன் வகை மாத்திரைகளை மாற்றுவழி பெற்றவர் தொடலாகாது. இணைத்த இடத்தில் புண் உண்டாகும். மது விரைவில் தலைக்கேறும். இளம் பெண்கள் ஓராண்டு, ஒன்றரையாண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பெண் பார்க்கும் படலத்துக்குமுன் அவசரமாக இதை முடித்துவிட எண்ணும் பெற்றோர் இவ்வரியை இருமுறை படிப்பாராக. முடி கொட்டும், பின் வளரும். தோல் தொங்கும், அது பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

“இப்போது ஊசி வந்துவிட்டதே!” என்று நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். மெய்தான். மேற்சொன்ன ஜி.எல்.பி.-1 சுரப்பைப் பின்பற்றிச் செய்த மருந்துகள் அவை. செமாகுளூட்டைடு 68 வாரத்தில் நூற்றுக்கு 15 பங்கும், டிர்செப்படைடு மிகுந்த அளவில் 72 வாரத்தில் ஏறத்தாழ 21 பங்கும் எடையைக் குறைத்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. எடை குறைப்பதற்கென்று இவை 2025-இல் இந்தியக் கடைகளுக்கும் வந்தன. ஆனால் செமாகுளூட்டைடை நிறுத்தியோர் ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கை மீட்டுக்கொண்டனர். வாழ்நாளெல்லாம் வாரம் ஓர் ஊசி, மாதந்தோறும் பணம். அஞ்சத்தக்க உடல்நிலை இல்லாதவர்க்கு முதலில் இதைப் பார்த்துவிட்டு அறுவையைப் பிறகு எண்ணலாம் என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. என் அன்னையின் நிலையில் மருத்துவர் அறுவைப் பக்கமே சாய்ந்தார்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். தனியாரிடம் செலவு இலட்சக் கணக்கில் ஆகும். காப்பீடு உடையோர், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த வாசகத்தைப் பார்க்க வேண்டும்: வயது 18 நிறைந்திருக்க வேண்டும், குறியெண் 40, அல்லது 35-உடன் இதயநோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்கா நீரிழிவு போன்றவை இருக்க வேண்டும், எளிய வழிகள் பயனளிக்கவில்லை என்பதும் தெரிய வேண்டும். அறுவையாளர் சங்கம் 27.5 என்கிறது; காப்பீட்டுக்காரர் 35 என்கிறார். இடைப்பட்டவர் கைப்பணம் கட்ட வேண்டியவரே.

தீவுவாசிக்கு இவற்றோடு கடலும் ஒரு கணக்கு. சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அதுவும் இருக்கை கிடைத்தால். தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் தெரியும். காய்ச்சலும் நாடித் துடிப்பின் விரைவும் அதன் முதற்குறிகள். அந்நேரத்தில் நோயாளி நடுக்கடலில் இருக்கக்கூடாது. ஆகவே அறுவை முடிந்து ஒரு மாதமேனும் சென்னையில் தங்குவது என்று முடிவு செய்து, மாதவரத்தில் உறவினர் வீட்டு மேல்மாடியைக் கேட்டு வைத்திருக்கிறோம். பிறகு மூன்று மாதத்துக்கொரு இரத்தப் பரிசோதனை, பி-12 ஊசி ஆகியவற்றுக்கு ஊரிலுள்ள ஜி. பி. பந்த் மருத்துவமனை போதும். புரதத்துக்குக் கவலையில்லை, சூரை மீனுக்கு எங்கள் கடலில் பஞ்சமா?

இத்தனையும் சொல்லி முடித்தபோது எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். தீர்ப்பு நான் சொல்வதற்கில்லை என்றேன், வயிறு அம்மாவுடையது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாற்றுவழி என்கிறாயே, அதற்கு நான் இசைகிறேன். ஆனால் வெட்டிய பின் பழகுவதைவிட வெட்டுமுன் பழகிப் பார்க்கிறேன். எட்டு வாரம் கொடு” என்றார். சிறு கிண்ணத்தில் மீனும் பருப்பும் முதலில், ஒவ்வொரு கவளத்தையும் மென்று மென்று, சோறு இரண்டு கரண்டி, நாள்தோறும் மாத்திரை, உணவுக்கு அரைமணி முன்னும் பின்னும் தண்ணீர் இல்லை. இதை எழுதும்போது ஆறாவது வாரம் நடக்கிறது. பசியைப் பொறுத்துக்கொள்கிறேன், சோற்றோடு தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு என்கிறார்.